பூண்டுக்கு ஒரு பெட்டி

ஆன்லைன் மளிகைக் கிடங்கில் எல்லாரும் அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி ஒட்டுவதில் கை அவ்வளவு வேகம். பிரிப்பவர்களுக்குப் பிடி கிடைக்கட்டும் என்று டேப்பின் நுனியை மட்டும் சின்னதாக மடித்துவிடுவாள். வாய் கையைவிட வேகம்.

அவள் கணவன் குப்பை பிரிக்கும் கொட்டகையில் இருக்கிறான். அட்டைகளை எடைக்குப் போடுமுன் டேப்பைப் பிய்த்தெடுப்பது அவன் வேலை. நேற்று நகக்கண் கிழிந்து வந்தவன், "மடிச்ச நுனியைப் பாத்ததுமே உன் கைவரிசைன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு பெட்டிக்கு ஆறு சுத்து எதுக்குடி?" என்று சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு சுற்று என்ன அவள் ஆசைக்கா? கம்பெனி ரூல்!

இன்று காலை ஒரே ஒரு பூண்டுக்கு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் காட்டிய பெட்டியில் ஒரு குழந்தையையே தூங்க வைக்கலாம். அவள் பூண்டைக் காகிதப் பையில் போட்டு நீட்டினாள். சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"பெட்டி எங்கம்மா? உடைஞ்சுபோனா யார் பதில் சொல்றது?"

"பூண்டு சார் இது. வாங்கறவங்களே உடைச்சுத்தான் சமைக்கணும்."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு வெடித்தது. அவர் முகம் கறுத்தது.

"ரூல்னா ரூல். பிரிச்சுத் தூக்கிப் போட ஒரு நிமிஷம் ஆகுமா? இதுக்குப் போய் ஏன் இந்தக் குதி குதிக்கிறே?"

அவள் டேப் உருளையை அவர் கையில் திணித்தாள்.

"வாங்கறவங்களுக்கு ஒரு நிமிஷம் சார். என் வீட்டுக்காரருக்கு அதுதான் பொழப்பே."