எங்கள் வீட்டு விஷயத்தை வெளியே சொன்ன மாமி

வாப்பாவின் மூத்த சகோதரி ரஹ்மத்தும்மா மாமி மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி, சென்ற திங்கட்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் தொலைபேசியில் வந்தது. உம்மாவும் வாப்பாவும் உடனே அடுத்த தெருவிலிருந்த மாமி வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மூன்று வயதுத் தம்பிக்குக் காய்ச்சல். "நீ அவனோட நில்லு" என்றார் வாப்பா.

மாமியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னாரில், தாயை இழந்த வாப்பாவை மடியில் வைத்து வளர்த்தவர் அவர். இடம்பெயர்ந்து எத்தாளை என்ற இந்த ஊருக்கு வந்த பின் கருவாடு காயவைத்துப் பிழைத்தார். மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

தம்பிக்குப் பத்து மாதத்தில், உடம்பு சூடாகத் தொடங்கியதுமே வலிப்பு வந்தது. குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் இப்படி வந்ததா என்று டொக்டர் கேட்டார். வாப்பா இல்லை என்றார்.

"ஏன்டா பொய் சொல்றாய்? ஒனக்கே மூணு தரம் வந்தது. என்ட மடியிலதான் கைகால் இழுத்துக் கிடந்தாய்" என்றார் கூட வந்திருந்த மாமி.

ஒரு வயதுக்கு முன்பே வந்திருக்கிறது, காய்ச்சல் ஏறும் முன்பே வந்திருக்கிறது, தகப்பனுக்கும் இருந்திருக்கிறது. ஆகவே திரும்பவும் வரக்கூடும் என்றார் டொக்டர். பெரும்பாலும் ஐந்தாறு வயதில் நின்றுவிடுமாம்.

வாப்பா மாமியோடு கதைப்பதை நிறுத்தினார். "கல்யாணம் ஆகாத கொமருப் புள்ள இருக்கிற வீடு. வெளியில தெரிஞ்சா ஆர் கேட்டு வருவாங்க?"

வெளியில் தெரியக்கூடாதென்றால் தம்பியை யாரிடமும் விடமுடியாது. உம்மாவுக்கு வெங்காயத் தோட்டத்தில் வேலை. ஒன்பதாம் வகுப்போடு நான் பாடசாலையை விட்டேன். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே என் நாளாகிவிட்டது. கிணற்றடியில் நின்றாலும் காது வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

மாமி வேலிக்கு அப்பால் நின்று கேட்பார்: "வலிப்பு அவனுக்கு. நீ ஏன்டி மறியலில அடைபட்டவ மாதிரி இருக்கிறாய்?"

நான் உள்ளே போய்த் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றார்கள். அந்த முகத்தை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்ததும், தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு நஸீமா ராத்தாவிடம் போனேன்.

"ராத்தா, இவனுக்குக் காய்ச்சல். வலிப்பு வந்தாலும் வரும். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில ஒண்டும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல இழுத்தா..."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். தெரியும் புள்ள. மாமி சொல்லித்தந்து ரெண்டு வருஷம். நீ எப்ப கூப்பிடுவாய் எண்டுதான் பாத்துக்கிட்டிருந்தன். ஓடு."

ஓடினேன். மாமியின் நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அவரை அவ்வளவு அமைதியாக நான் கண்டதேயில்லை.

"தம்பி எங்க?" வாப்பா கேட்டார்.

"நஸீமா ராத்தாட்ட. எல்லாம் சொல்லிட்டன்."

வாப்பா சற்று விலகி, மாமியின் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

மாமி, உங்கள் கப்றுக் குழியில் நெருக்கம் என்பதே இல்லாமல் அல்லாஹ் ஆக்கிவைக்கட்டும்.