பாத்ரூம் வாசலில் ஒரு கிரானைட் படி

"காண்ட்ராக்டர் இல்லாம நாமளே வீடு கட்டலாமாக்கா?" என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டலாம். பிளான் உங்கள் பெயரில், கரண்ட் இணைப்பு உங்கள் பெயரில், ஆள் வைப்பதும் நிறுத்துவதும் நீங்கள். யாரும் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். பெண்ணாக இருந்தால் மட்டும் ஒரு மீசை ஒட்டிக்கொண்டு போங்கள்.

என் கணவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வலக்கையால் சக்கர நாற்காலியை உருட்டி, வலக்காலால் தரையைத் தள்ளி வீட்டுக்குள் போய்வருவார். ஆனால் வாடகை வீட்டு பாத்ரூமுக்குள் அந்த நாற்காலி நுழையாது. எல்லாம் கட்டிலில்தான். அந்தப் பாழாய்ப்போன மலத் தட்டை நான் எடுக்கும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அவர் தானாகப் போய் வர ஒரு பாத்ரூம் வேண்டும், அதற்காகத்தான் வீடே. மன்னார்குடிக்கு வெளியே, வயலை மேடேற்றிப் போட்ட மனையில் ஆரம்பித்தேன். விசாரித்த காண்ட்ராக்டர்கள் எல்லாரும் பாத்ரூமுக்கு எதற்கு இவ்வளவு அகல வாசல் என்று சிரித்தார்கள். போங்கடா என்று நானே இறங்கிவிட்டேன்.

கொத்தனாருக்கு நல்ல கை. வாய்தான் சகிக்காது. நான் பேசினால் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். "சார் வரலீங்களா?" சார் என்றால் என் கணவரின் அண்ணன். அந்த வீட்டுக்கு ஒரு செங்கல்கூட வாங்கித் தராத மனிதர். சாயங்காலம் பைக்கில் வருவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், சுவரைத் தட்டிப் பார்த்து ஏதாவது சொல்வார். அதுதான் அங்கே சட்டம்.

டைல்ஸ் ஒட்டி இரண்டு நாள் கழித்துக் கணவரை ஆட்டோவில் கூட்டிவந்து ஹாலில் உட்காரவைத்துவிட்டு, அகலக் கதவு செய்யச் சொல்லியிருந்த இடத்துக்கு நீடாமங்கலம் போனேன். திரும்பி வந்தால் பாத்ரூம் வாசலில் நாலு விரல் உயரத்துக்குப் பளபளவென்று ஒரு கிரானைட் படி.

"என்னங்க இது?"

"படிக்கா. சார் வைக்கச் சொன்னாரு. இல்லன்னா தண்ணி ஹாலுக்கு வந்துடும்ல?"

"உள்பக்கம் சரிவு குடுத்தா எப்படிய்யா வரும்? சக்கரம் போகணும்னு எத்தனை தடவ கத்துனேன்! எடுங்க."

"எல்லா வீட்லயும் வைக்கிறதுதானேக்கா. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்குறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரிடம் திரும்பினேன். "நீங்க இங்கதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் குனிந்துகொண்டார். "அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது? இதைக்கூடத் தாண்ட முடியாதவன்னா?"

பைக் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தார். விஷயம் கேட்டதும் சிரித்தார். "ஊர் உலகத்துல இல்லாததையா வச்சுட்டோம்? கட்டட வேலையைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்? நீ சும்மா இரு."

சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். ஓரம் தெறித்தது. "ஐயையோ, டைல்ஸ் விரிஞ்சிடும்க்கா!" என்று கொத்தனார் ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கினார். பிடுங்கி அண்ணனிடம் கொடுத்தார். என் வீட்டில், என் கையிலிருந்து.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, எடுக்கச் சொல்லுங்கண்ணே. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட என்னால அதைத் தாண்ட முடியாது."

அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை. "எடுத்துடுப்பா" என்றார். கொத்தனார் "சரிங்க சார்" என்று அங்கேயே உட்கார்ந்து உடைத்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் சமமாகிவிட்டது. இவரும் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சீ என்று இருந்தது. என் பேச்சுக்கு அந்தக் கல்லை எடுத்திருந்தால், அவர் அதைத் தன் வாயால் அண்ணன் முன்னால் சொல்லியிருக்கவே வேண்டாம்.