கொக்குக்கு முன்னால் நின்ற கொம்பு

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். கல்லூரியில் லினக்ஸில் பழகிய கை. இங்கே மேசையில் இருப்பது விண்டோஸ். மவுஸைத் தேடிப் போகும்போதெல்லாம் அரைத்தூக்கத்தில் யாரோ எழுப்புவது மாதிரி இருக்கும். அதனால் விம் என்ற எடிட்டரையும் லினக்ஸ் கட்டளைகள் சிலவற்றையும் விண்டோஸிலேயே நிறுவிக்கொண்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் அடங்கிவிடும்.

ஒரு மத்தியானம் அறிவியல் டீச்சர் பென் டிரைவோடு வந்தார். அவருடைய கணவர் இறந்து இரண்டு வருஷம். களக்காட்டுப் பக்கம் அவர்கள் ஊர்க் குளத்தில் காலைதோறும் பறவைகளை எண்ணி, வீட்டுக் கணினியில் எழுதி வைத்தவர் அவர். அந்தக் கணினி பழுதாகிவிட்டது. கோப்பைப் புதியதில் திறந்தால் புள்ளியும் கோடுமாக ஏதேதோ வருகிறது.

“எல்லாம் அழிஞ்சு போச்சுங்காவ, தம்பி. நீங்க ஒரு தடவ பாருங்க.”

“அழியல டீச்சர். பழைய ஃபான்ட்ல அடிச்சிருக்காவ. அது இப்ப இல்ல, அவ்வளவுதான்.”

அச்செடுத்த பக்கம் ஒன்றே ஒன்று டீச்சரிடம் இருந்தது. அதை வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று கண்டுபிடித்தேன். இதைக் கண்டால் அதை வை என்று ‘செட்’ கட்டளைக்கு வரிவரியாக விதி எழுதினேன். ஒரு வாரத்துச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதில் போனது. முதலில் கொக்கு ‘ெகாக்கு’ என்று வந்தது. பழைய ஃபான்டில் கொம்பு முன்னால் நிற்கும். அதைப் பின்னால் தள்ள இன்னொரு விதி.

டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விதிகளைக் கோப்பின் மேல் ஓட விட்டேன். நாமக்கோழி, நீர்க்காகம், கூழைக்கடா என்று பெயர்கள் திரையில் மேலே மேலே போயின.

“பைய விடுங்க, தம்பி.”

பக்கம் பக்கமாக நிறுத்தினேன். நடுவில் ஒரு வரி: ‘மழை. எண்ணவில்லை. அவளும் வந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தோம்.’

டீச்சர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “அவளும்னு வர்ற நாள மட்டும் எடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

‘கிரெப்’ கட்டளையில் அந்த ஒரு சொல்லைத் தட்டினேன். ஒன்பது வரிகள் வந்தன. ஒவ்வொன்றையும் வாய்க்குள் வாசித்தார். வெளியே பள்ளிக்கூட மணி அடித்தும் இருவருமே எழுந்திருக்கவில்லை.

இப்போது அவரே குளத்துக்குப் போகிறார். விம்மைத் தன் மடிக்கணினியில் போட்டுத் தரச் சொல்லி, அதே கோப்பின் கீழே எழுதுகிறார்.

“இந்த முக்குளிப்பான எண்ணவே முடியல, தம்பி,” என்றார் போன திங்கட்கிழமை. “எண்ணுததுக்குள்ள முங்கிருது. அவுக எப்படித்தான் எண்ணினாவளோ.”