பங்கில்லாதவள் செத்துப்போனாள்

சுமத்திராவிலிருந்து மலாக்காவில் வந்து இறங்கியபோது நாகம்மாவிடம் ஒரு துணிமூட்டையும் குளிர்காய்ச்சலும்தான் இருந்தன. புருஷன் தெய்வநாயகத்தைச் சப்பான்காரன் விமானத்தளம் வெட்டப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். "உங்கண்ணன் வீட்டுக்குப் போயிரு, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று லாரியில் ஏறும்போது சொன்னார். அந்தப் பேச்சை நம்பித்தான் கடலைத் தாண்டினாள்.

அண்ணன் பொன்னுதுரை கிளேபாங்கிலிருந்து அப்போதுதான் காஜா பேராங்குக்குக் குடிமாறியிருந்தான். அண்ணி அலமேலு நிறைமாசம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். வந்தவளுக்கு, ஆள்கணக்கில் அளந்துகொடுக்கும் அரிசிப் பங்கு கேட்டு அண்ணன் நடையாய் நடந்தான். மலாயா வேறு, சுமத்திரா வேறு என்று இப்போது பிரித்தாகிவிட்டதாம். எங்கே பேர் பதிந்திருக்கிறதோ அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும் என்று விரட்டிவிட்டார்கள். என்ன நியாயம் பாருங்கள். இரண்டு கரையையும் ஆளுகிறவன் ஒரே சப்பான்காரன். ஆளைப் பிடித்துப் போக அவனுக்குக் கடல் குறுக்கே நிற்கவில்லை, ஒரு பிடி அரிசி என்றதும் நின்றுவிட்டது.

நாலு பேர் பங்கை ஐந்து பேர் தின்றார்கள். அலமேலுதான் தன் தட்டிலிருந்து அள்ளி வைப்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, வேண்டாம் அண்ணி என்றால் கேட்கமாட்டாள். கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. விடிவதற்குள் அலமேலு போய்விட்டாள்.

நாகம்மா வாய்விட்டு அழப் போனாள். அண்ணன் அவள் வாயைப் பொத்தினான்.

"நாகு, செத்தது நீதான்னு சொல்லப்போறேன்."

"என்னண்ணே பேசுறே?"

"அலமேலு செத்தான்னா அவ பங்கை வெட்டிருவான். உனக்குப் பங்கே கிடையாது. நீ செத்தா யாருக்கும் ஒண்ணும் குறையாது. இந்தப் பச்சைப்புள்ளைக்குக் கஞ்சித்தண்ணிக்கு நான் எங்க போவேன், சொல்லு?"

அக்கம்பக்கமெல்லாம் மலாக்கா செட்டிகள். நம்ம சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் பேசுவது மலாய். புதிதாய் வந்த வீட்டில் வெளியே தலைகாட்டாத இரண்டு பெண்களில் யார் அண்ணி, யார் நாத்தனார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? தெருத்தலைவர் அப்பாசாமி வந்தார். அவரும் செட்டிதான், தங்கமான மனுஷர். சுமத்திராவிலிருந்து வந்த தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள் என்று அண்ணன் மலாயில் சொன்னதை நம்பி, பாடைக்குத் தோளும் கொடுத்தார்.

அன்றிலிருந்து நாகம்மா அலமேலு ஆனாள். கூடப் பிறந்தவனுக்குப் பெண்டாட்டி. நினைக்கவே உடம்பு கூசியது. அவள் பிள்ளைகளோடு அடுப்படியில் படுப்பாள், அண்ணன் வெளியே தாழ்வாரத்தில். சோதனைக்கு ஆள் வரும் நாளில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கள்ளப்பங்கு வாங்கினவனைச் சப்பான்காரன் வெயிலில் மண்டிபோட வைத்து அடித்தே கொன்றான் என்று ஊரெல்லாம் பேச்சு. பெரிய பிள்ளைகளை மிரட்டித்தான் அம்மா என்று கூப்பிட வைத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம். குழந்தைக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பாசாமி ஓர் ஆளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். எலும்புக்கூடாய் இருந்தாலும் அந்த ஆளைத் தெரியாதா அவளுக்கு? தெய்வநாயகம். தளத்திலிருந்து தப்பித் தொங்கான் என்கிற சரக்குப்படகில் வந்தவர், வீடு தேடி நேரே தெருத்தலைவரிடமே போய் விசாரித்திருக்கிறார். உன் பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று அவரும் பக்குவமாகச் சொல்லி, ஆறுதலுக்கு மைத்துனன் வீட்டுக்கு அழைத்துவந்திருக்கிறார்.

தெய்வநாயகம் அவளைப் பார்த்தார். அப்படியே பலகைத்தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், துக்கம் என்று அப்பாசாமி முதுகைத் தடவிக்கொடுத்தார்.

தெய்வநாயகம் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தமிழில் கேட்டார், "உசுரோடதான் இருக்கியா?"

அண்ணன் திடுக்கிட்டு அப்பாசாமியைப் பார்த்தான். அப்பாசாமிக்கு ‘வாங்க, தண்ணி’ தவிரத் தமிழ் தெரியாது.

"இருக்கேன். என் பேரை மட்டும் சொல்லிறாதீங்க." கிண்ணத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணிதான் செத்துப்போனா. அவ பங்குலதான் இந்தப் புள்ளைங்க சாப்பிடுது."

"தொங்கான் விடியக்காலை கெளம்புது. இன்னொரு ஆளுக்கு எடமிருக்கு. வா, போயிருவோம்."

இந்த ஒரு சொல்லுக்குத்தானே அவள் காத்துக்கிடந்தாள். மடியில் குழந்தை இல்லாவிட்டால் எழுந்தே போயிருப்பாள்.

"நான் வந்துட்டா அலமேலு எங்கன்னு கேப்பான். அண்ணனைக் கொன்னுருவான். அப்புறம் இதுங்க மூணுக்கும் யாரு?"

"அப்ப நானும் இங்கயே கெடக்கேன்."

"உங்களுக்கும் பங்கு கிடையாதுங்க. புதுசா வந்த ஆளைத் தெருத்தலைவரு சப்பான்காரனுக்கு எழுதிக் குடுத்தே ஆகணும். திரும்பவும் புடிச்சுட்டுப் போயிருவான்."

என்ன சொல்கிறார் என்று அப்பாசாமி மலாயில் கேட்டார்.

"தங்கச்சியைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டதற்கு என் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறார்" என்றான் பொன்னுதுரை.

அப்பாசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஆளை நான் பார்க்கவில்லை என்று இருந்துவிடுகிறேன், விடிந்தால் இங்கே இருக்கக் கூடாது என்றார்.

நாகம்மா குழந்தையின் வாயைத் துடைத்தாள். "எனக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செஞ்சுட்டுப் போங்க. இவரு பாக்க, குழிமேட்டுல செஞ்சுட்டுப் போங்க. நாளைக்கு ஒரு சந்தேகம் வரக் கூடாது." அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தெய்வநாயகம் எழுந்து, எங்கே அடக்கம் பண்ணினீர்கள், காட்டுங்கள் என்று அப்பாசாமியிடம் மலாயில் கேட்டார். அவள் பக்கம் திரும்பாமலே படியிறங்கினார்.

சாயங்காலம் அப்பாசாமி மட்டும் வந்தார். தெய்வநாயகம் தலையை மழித்துக்கொண்டு, செத்தவளுக்கென்று தண்ணீர் இறைத்து, அந்த மண்ணில் விழுந்து புரண்டு அழுதாராம். பெண்டாட்டிக்காக ஒரு மனுஷன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை, அந்தப் பெண் கொடுத்துவைத்தவள் என்றார்.

"சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா?" என்று நாகம்மா தெரிந்த மலாயில் கேட்டாள்.

மரவள்ளிக்கிழங்கு கொடுத்ததாகவும், அதைத் துண்டில் முடிந்துகொண்டு தொங்கானில் ஏறப் போய்விட்டதாகவும் சொன்னார்.

சப்பான்காரன் தோற்றுச் சண்டை முடிந்ததும் அண்ணனே அவளைச் சுமத்திராவுக்கு அனுப்பிவைக்கக் கிளம்பினான். துறைமுகத்தில் விசாரித்ததில் தெய்வநாயகத்தைத் தெரிந்த ஒருவன் அகப்பட்டான். பெண்டாட்டி மலாக்காவில் செத்துப்போனதாகச் சொல்லி, அவர் அங்கே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டாராம், கைக்குழந்தையும் இருக்கிறதாம். அண்ணன் அவரைத் திட்டத் தொடங்கினான். திட்டாதே, நான்தான் எனக்குக் காரியம் செய்துவிட்டுப் போகச் சொன்னேன் என்று நாகம்மா அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.