மைத்துனர் காக்கும் கயிறு

மதியம் மூன்று மணி பத்து நிமிடம். நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பாறையில் உரசிவிடுமென்று அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார். நான் அதை முழங்கை வரை ஏற்றி மாட்டிக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தபடி இருந்தேன். மூன்று பத்துக்கு முதல் தேனீ என் இடுப்பருகே வந்து சுற்றியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு சின்னாளப்பட்டியில். சிறுமலை அடிவாரத்தில் அப்பாவுக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. எங்களைப் போலக் கீழேயிருந்து போய்த் தோட்டம் போட்ட குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் இருந்த பளியர்களுக்கு நாங்கள் புதியவர்கள். எங்கள் ஆட்களோ அவர்களைத்தான் அந்நியர்களைப் போல நடத்தினார்கள். காடு தீப்பிடித்தால் பழி அவர்கள் மேல். தேன்பாறையில் அவர்கள் பிடித்து இறங்கும் கொடிகள் வெட்டுப்பட்டால் பழி எங்கள் மேல். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு தேன் சங்கம் வைத்தால் இது தீரும் என்று அப்பா இரண்டு வருடம் நடையாய் நடந்தார். அவர்கள் எடுப்பது, நாங்கள் வடிகட்டித் திண்டுக்கல்லில் விற்பது என்று ஏற்பாடு. அன்றுதான் முதல் தேன்.

முதல் கூட்டத்திலேயே அவர்கள் ஒரு விதியைச் சொல்லியிருந்தார்கள். தேனெடுக்க இறங்குகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தவர்தான் காக்க வேண்டும். வேறு யாருடைய கையும் படக்கூடாது. என் சித்தப்பா, “அப்ப மச்சினன் இல்லாதவன் தேனே திங்க முடியாதோ” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அப்பாவும் சிரித்தார். அவர்களில் தேனெடுப்பவர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார்.

“அக்கா தனியா நிக்கக் கூடாதுன்னு நெனைக்கிறவன் மச்சினன் ஒருத்தன்தான் சாமி. மத்தவனுக்கு என்ன நட்டம்?”

இன்னொரு விதியும் உண்டு. பாறைக்கு வருகிறவர்கள் வாசனையோடு வரக்கூடாது. தேனெடுக்கப் புறப்பட்ட அன்று காலை தேனெடுப்பவரின் மைத்துனர் என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பார்த்து, அதை ஓடையிலேயே போட்டுவிட்டு வரும்படி சொன்னார். சித்திரை மாதத்து மல்லிகை, அம்மா நெருக்கமாகத் தொடுத்தது. எனக்கு மனம் வரவில்லை. ஓடைக்குப் போவதுபோல் போய், சரத்தைச் சுருட்டிப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாறை உச்சியில் ஒரு இச்சி மரம். அதன் அடியில் கயிறு கட்டியிருந்தது. தேனெடுப்பவர் புகையும் தழைக்கட்டோடு விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டார். அவருடைய மைத்துனர் கயிற்றுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவும் நானும் சற்றுத் தள்ளி நின்றோம். கீழேயிருந்து ஒரு கூவல் வரும். இவர் பதில் கூவுவார். சரி, ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அம்மா, அதாவது தேனெடுப்பவரின் மனைவி, பாறைக்குக் கீழே ஓடையோரம் டின்களோடு காத்திருந்தார். அவருக்கும் இரண்டு குரலும் கேட்கும்.

முதல் தேனீக்குப் பின்னால் பத்து வந்தன. பிறகு எண்ண முடியவில்லை. ஓடாமல் அப்படியே குப்புறப் படுக்கச் சொல்லி மைத்துனர் கத்தினார். நான் ஓடினேன். நாலு எட்டுத்தான் வைத்திருப்பேன். கால் வழுக்கி இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த பிளவுக்குள் விழுந்தேன். மேலே வானம் ஒரு துண்டுத் துணி போலத் தெரிந்தது. முகத்தில் தேனீக்கள். அலறினேனா, அலற முடியாமல் கிடந்தேனா என்று இப்போதும் நினைவில்லை.

என்மேல் ஒருவர் வந்து விழுந்தார். அது அப்பா இல்லை. மைத்துனர். கயிற்றை விட்டுவிட்டு வந்திருந்தார். தன் வேட்டியால் என்னை மூடி, இடுப்பிலிருந்த பூவைக் கண்டு பிடுங்கித் தூர எறிந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தோளில் ஏற்றி என்னை அப்பாவின் கைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் மிதித்திருந்த கல் புரண்டது. கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது.

அவரால் ஏற முடியவில்லை. அப்பாவால் தூக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து கூவல் வந்தது. மைத்துனர் பதில் கூவினார். பிளவுக்குள்ளிருந்து அந்தக் குரல் விளிம்பு வரைகூடப் போகவில்லை. இரண்டாம் தடவை கூவல் வந்தபோது அப்பா ஓடிப்போய் விளிம்பில் நின்று, “நான் இருக்கேன், ஏறி வாங்க” என்று கத்தினார்.

கீழே சத்தமே இல்லை.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மலையேற்ற முகாமுக்குப் போக ஒரு படிவம் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கயிற்றில் இறங்கும் பயிற்சியும் உண்டாம். மேலே யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். “அதுக்குன்னு ஆளு இருப்பாங்கம்மா” என்றாள். மூன்று நாளாகக் கையெழுத்துப் போடவில்லை. அவளுக்குக் கோபம். அப்பாவின் கத்தலுக்குப் பிறகு வந்த அந்த மௌனத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது?

புகை மெலிந்துகொண்டே வந்தது. தழைக்கட்டு அணைந்தால் தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பும். கூட்டருகில் ஒரு மனிதர் ஓரடி அகலத் திட்டில் நின்றுகொண்டிருந்தார். மேலே கயிற்றுப் பக்கம் ஒரு அந்நியரின் குரல். தன் மைத்துனருக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், அவர் ஏறாமல் நின்றதில் தப்பில்லை.

கயிறு காற்றில் ஆடி விளிம்புக் கல்லில் உரசியது. அப்பா அதைத் தூக்கிப் பிடிக்கக் கையை நீட்டினார்.

“தொட்றாதீங்க சாமி. வேற கை பட்டா அவருக்கு அங்கனயே தெரியும், ஏற மாட்டாரு,” என்றார் மைத்துனர் பிளவுக்குள்ளிருந்து. “நான் தவந்து வாரேன்.”

அவர் தவழ முயன்று விழுந்தார். மறுபடி முயன்று மறுபடி விழுந்தார். நீட்டிய கையோடு அப்பா அப்படியே நின்றார். தொடாவிட்டால் கயிறு அறுந்துவிடலாம். தொட்டால் அவர் திட்டை விட்டு அசையவே மாட்டார். ஆளைக் கூட்டிவர அடிவாரத்துக்கு ஓடினால் கயிற்றுக்குக் காவலே இல்லை. என் கண்கள் வீங்கி மூடிக்கொண்டே வந்தன. மணி மூன்று நாற்பது. பூவால்தான் இதெல்லாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுபடி கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

மூன்று நாற்பத்தெட்டுக்குப் புதர் விலகும் சத்தம் கேட்டது. வந்தது அந்த அம்மா. பதில் குரல் மாறியதுமே டின்களைப் போட்டுவிட்டுப் பாறையைச் சுற்றி ஏறி வந்திருக்கிறார். மூச்சு இரைத்தது. முழங்காலெல்லாம் முள் கீறிய ரத்தம். பிளவுக்குள் தம்பியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நீட்டியபடி நின்ற அப்பாவின் கையைப் பார்த்தார். தான் கயிற்றைத் தொடவே இல்லை என்று அப்பா திக்கித் திக்கிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“அண்ணே, கயித்தப் புடிங்க,” என்றார்.

அதுவரை அவர் அப்பாவைச் சாமி என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அப்பா இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, மைத்துனர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார். அந்த அம்மா விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே குரல் கொடுத்தார்.

“எங்கண்ணன் புடிச்சிருக்காரு. ஏறி வாங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அப்பாவின் கைகளுக்குள் கயிறு விறைத்தது.

கட்டிய புருஷனிடம் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று, வீங்கிய கண்ணோடு நான் நினைத்தேன். அவருக்கு அண்ணனே கிடையாது. பிளவில் கிடக்கும் ஒரே ஒரு தம்பிதான். அது எனக்கே தெரியும்போது, கீழே நின்றவர் தெரியாமலா ஏறி வந்தார்?