புடவைக்கு ஒத்துவராத காசுக் குழாய்

மேஜிக் சாமான் செய்கிறவர்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு உண்டு. வித்தை காட்டுகிறவன் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பான், கோட்டுப் போட்டிருப்பான், அந்தக் கோட்டுக்கு உள்பையும் ஓரமடிப்பும் இருக்கும். புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி காற்றிலிருந்து காசு பிடிக்க ஆசைப்படுவாள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக எட்டு மாதம் நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். பிள்ளைகள் தூங்காமல் இருக்கச் சின்னச் சின்ன வித்தைகள் காட்ட ஆரம்பித்து, அது பைத்தியமாக முற்றிவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது காசு வித்தை. வெறும் காற்றில் கையை நீட்டிக் காசு காசாகப் பிடித்து, டங் டங் என்று பாத்திரத்தில் போட வேண்டும். பாதிக் காசு பாத்திரத்துக்குள் விழுவதே இல்லை. விழுந்ததுபோல் காட்டி உள்ளங்கையில் பதுக்கிக்கொண்டு, மறுபடி அதையே பிடிக்க வேண்டும். கை காலியாகும்போது யாருக்கும் தெரியாமல் அடுத்த காசை எடுத்துக்கொள்ள ஒரு குழாய் இருக்கிறது. காசுகளை அதில் அடுக்கி உடம்பில் எங்காவது ஒளித்து மாட்டிவிட்டால், அடியில் விரலை வைத்து அழுத்தும்போது ஒன்று மட்டும் கையில் விழும்.

என் கணவரின் அண்ணன், பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். அவரே ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஸ்கூல்ல என்னமோ வித்தை காட்டறியாமா அம்மிணி, கோயல்ல அன்னிக்கு நம்ம சனத்துக்கும் காட்டு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம்" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தையில்லை. அதனால் அந்தக் குடும்பத்து விசேஷங்களில் சீர்த்தட்டு என் கைக்கு வந்ததே இல்லை. வாய்விட்டு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தட்டு மட்டும் எனக்கு முன்னால் நிற்பவளிடமிருந்து எனக்குப் பின்னால் நிற்பவளுக்குப் போய்விடும். முதல்முறையாக ஒரு விசேஷத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். இந்தக் கையால் எதையாவது செய்து, அந்தக் கூட்டத்தை வாய் பிளக்க வைக்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தபாலில் வரவழைத்த முதல் குழாய் கோட்டின் அடி ஓரத்தில் குத்திக்கொள்ளும் ஊசியோடு வந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போனால் கிடாயை விட்டுவிட்டு என்னைத்தான் வெட்டுவார்கள். புடவை மடிப்பில் குத்தினேன். காசின் கனத்தில் மடிப்பு சரிந்தது. முந்தானைக்கு அடியில் குத்தினால், கையை உயர்த்தும்போது அதுவும் கூடவே உயர்ந்தது. ஒரு நல்ல பட்டு கிழிந்ததுதான் மிச்சம். கூடவே வந்த காசுகளோ வெள்ளைக்காரன் தலை போட்ட போலிக் காசுகள். என் கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு, "வாஷராட்ட இருக்குது அம்மிணி. எந்த வண்டிக்கு?" என்றார்.

சரி, நம் ஊர்க் காசையே வைத்துக்கொள்வோம் என்று பத்து ரூபாய்க் காசுக்கு மாறினேன். இரண்டு நிறம், பார்க்க அழகு. ஆசிரியைகள் அறையில் மதிய இடைவேளையில் ஒத்திகை பார்த்தேன். காற்றிலிருந்து ஒன்று, கணக்கு டீச்சரின் டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து ஒன்று, ஜன்னல் கம்பியிலிருந்து ஒன்று. நான்காவதைப் பிடிப்பதற்குள் கணக்கு டீச்சர், "ஐயோ, பத்து ரூவாக் காசுங்களா? அதை ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்களேங்க" என்றார். அவ்வளவுதான். யாருடைய கண்டக்டர் வாங்கவில்லை, எந்த மளிகைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள், அது செல்லுமா செல்லாதா என்று மணி அடிக்கும்வரை ஒரே பேச்சு. ஜன்னல் கம்பியில் காசு எப்படி வந்தது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. அந்தரத்தில் காசு பிடித்துக் காட்டியவளை விட்டுவிட்டுக் கண்டக்டரைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்றைக்கு அடுத்த வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் சேலத்தில் பழைய காசு விற்கிறவர் ஒருவரிடம், அந்தக் காலத்துப் பெரிய ஒரு ரூபாய்க் காசுகள் இருபது வாங்கினேன். இப்போதைய காசுபோல் சோனியாக இராது. அகலம், கனம், ஓரத்தில் நல்ல சொரசொரப்பு. உள்ளங்கையில் அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. புளி போட்டுத் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நம் ஊர்க் காசுமாயிற்று, செல்லுமா செல்லாதா என்கிற வழக்கும் வராது என்று எனக்கு ஒரே பெருமை.

இனிப் பாத்திரம். படங்களில் பளபளவென்று ஒரு வெளிநாட்டு வாளி வைத்திருப்பார்கள். கோயிலில் அதெல்லாம் எடுபடாது. எங்கள் பக்கத்து எவர்சில்வர் தூக்குப்போசி, தூக்குவாளிதான் சரி, ஆனால் சத்தம் கணீரென்று இருக்க வேண்டும். அதே நாள் சேலத்துப் பாத்திரக் கடை ஒன்றில் போசி போசியாக எடுத்துக் காசைப் போட்டுக் கேட்டேன். ஏழாவது போசியில் கடைக்காரப் பாய் பொறுமை இழந்து, "ஏம்மா, பாத்திரம் வாங்க வந்தீங்களா, பள்ளிக்கூட மணி வாங்க வந்தீங்களா?" என்றார். ஒன்பதாவதை எடுத்தேன். "என்ன பேரும்மா வெட்டணும்?" என்று மிஷினை எடுத்தார். பேர் வெட்டினால் சத்தம் மாறிவிடுமோ என்று பயந்து, வேண்டாம் என்றேன். பேர் வெட்டாமல் போசி வாங்குகிறவளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. பில் போடும்வரை என்னையும் போசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

குழாய்ப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. அது வெளிநாட்டுக் காசின் அளவு. என் காசு அதற்குள் ஆடியது, ஒன்றுக்கு மூன்றாக விழுந்தது. திருச்செங்கோட்டில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். உள்ளே மெல்லிசாக ஒரு பித்தளைச் சுற்று வைத்து, மேலே ஒரு கொக்கியும் வளைத்துத் தரச் சொன்னேன்.

"இது என்னங்க, கண்டக்டருங்க சில்லறை போடறதுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"ஊட்டுக்காரருக்குங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். பாவாடை நாடாவில் மாட்டிக்கொண்டு நானே காசு பிடிக்கப் போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்றுமுறை போய்வந்த பிறகு, ஒரு அழுத்துக்கு ஒரு காசு சரியாக விழுந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

காதுகுத்து அன்று மேச்சேரிக் கிடா இரண்டு வெட்டி, பந்தல் முழுக்கக் குழம்பு வாசம். பிள்ளையின் அழுகை ஓய்ந்ததும் ஜமக்காளம் விரித்தார்கள். எங்கே நிற்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். வெளிச்சத்துக்கு முன்னால் நின்றால் காசு தெரியாது, இருட்டுப் பின்னணி வேண்டும். கோயிலில் இருட்டான இடம் கருவறை வாசல் ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டேன். ஒரு வித்தைக்காரியாக யோசித்தேனே தவிர, அந்தச் சனத்தில் ஒருத்தியாக யோசிக்கவில்லை.

ஒன்றுகூடப் பிசகவில்லை. பெரியவர் ஒருவரின் துண்டிலிருந்து, வாழையிலைக் கட்டிலிருந்து, வெறும் காற்றிலிருந்து என்று காசு வந்துகொண்டே இருந்தது. போசி கணீர் கணீரென்றது. குழந்தைகள் எண்ண ஆரம்பித்தார்கள். கடைசிக் காசைக் கருவறை இருட்டுக்கு நேராகக் கையை உயர்த்திப் பிடித்தேன். அது பளிச்சென்று மின்னியது. கைதட்டுவார்கள் என்று நின்றேன்.

ஒருவரும் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த வயதான பெரியத்தை எழுந்து வந்து, என் முன்னால் முந்தானையை விரித்தார். "எனக்கொரு காசு குடு அம்மிணி. சாமி காசு. அந்தக் காலத்துக் காசு, பாருங்க. இதெல்லாம் இப்ப எங்க கெடைக்குது?" என்றார். பெட்டியில் வைத்தால் பெருகும் என்று கோயிலில் காசு வாங்கிப் போவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். அவர் பின்னால் இன்னொருத்தி, அவள் பின்னால் இன்னும் நாலு பேர். வரிசையே வந்துவிட்டது.

என் மாமியார் எழுந்து வந்தார். எட்டு மாதமாக என் வித்தையைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசாதவர். கீழே வைத்திருந்த போசியை எடுத்து என் கையில் கொடுத்து, "உன்ற கையாலயே ஆளுக்கொண்ணு குடு" என்றார்.

கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க வயிறு எரிந்தது. தேடித் தேடி வாங்கிய காசு ஒவ்வொன்றாக முந்தானை முடிச்சுக்குள் போகிறது. அதுகூடப் போகட்டும். எட்டு மாதம் விரல் கன்றிப்போகப் பழகியவள் நான், பேர் சாமிக்கா? என் கை என்ன செய்தது என்று ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா? போசி காலியாகும் நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை விலக்கி, குழாயைக் கொக்கியோடு கழற்றித் தூக்கிக் காட்டினேன்.

"சாமியுமில்லை ஒண்ணுமில்லைங்க. இதுக்குள்ள அடுக்கி வெச்சிருந்தேன். காசு சேலத்துல வாங்குனது. பாருங்க, இன்னும் நாலு உள்ள இருக்குது."

என் கணவரின் அண்ணன் சிரித்துவிட்டார். "அட, மிஷினுங்களா! அதானே பாத்தேன். மிஷினு போடுது, இவ எடுக்கறா." யாரோ அதை வாங்கி அழுத்திப் பார்த்தார்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். பெரியத்தை முடிச்சை அவிழ்த்துக் காசைப் போசிக்குள் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். குழாய் காசைக் கையில் போடும், அவ்வளவுதான், மீதியெல்லாம் கைதான் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள் என்று குரல் வந்தது, கூட்டம் கலைந்துவிட்டது.

திரும்பி வரும்போது வேனில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாமி பேரைக் கெடுத்துவிட்டேன் என்று திட்டப் போகிறார் என்று தயாராகத்தான் இருந்தேன். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் கதவைச் சாத்திட்டுக் காசு போட்டுப் பழகுனியே, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? அது உன்ற கை வேலைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க அத்தை, சாமி காசுன்னு சொல்றப்ப சும்மா இருந்தீங்க?"

"பன்னண்டு வருசமா உன்ற கையில ஒரு பொட்டுக் குங்குமம் வாங்காதவளுக. இன்னிக்கு அத்தனை பேரும் முந்தானைய விரிச்சுட்டு உன்ற முன்னாடி நிக்கறாளுக. நான் கண்ணு நெறையப் பாத்துட்டு நிக்கறேன். நீ அந்தக் கெரகத்தைத் தூக்கிக் காட்டற."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசையில் வந்தவர்களில் யார் யார் இருந்தார்கள், என்னிடம் வாங்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. நான் காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.