மூன்று நாள் இருட்டு

உலகம் முடியப்போகிறது என்ற சேதி எங்கள் வீட்டில் முதலில் எட்டியது அத்தைக்குத்தான். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். திண்டுக்கல்லில் ஒரு கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. முடிவு காலத்தில் பூமி மூன்று நாள் இருண்டு கிடக்குமாம். எந்த விளக்கும் எரியாதாம். காணிக்கை மாதா திருநாளில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரி மட்டும் எரியுமாம். கதவைத் தாழிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பேய்கள் நம் சொந்தக்காரர்களின் குரலில் வெளியே வந்து கூப்பிடும். இரக்கப்பட்டுத் திறந்தால் அவ்வளவுதான், வீட்டோடு போய்ச் சேருவோம்.

எட்டு வயதில் எனக்கு நரகத்தைவிட இந்தக் குரல் சமாச்சாரம்தான் பெரிய பயம். அப்பா வெங்காய வியாபாரி. வாரத்தில் பாதி நாள் ஒட்டன்சத்திரம் சந்தையில் கிடப்பவர். அவர் வெளியே போன நாளாகப் பார்த்து இருட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அத்தையிடம் கேட்டேன்.

“அதுக்குத்தான் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணி எப்பவும் தயாரா இருக்கணுங்கிறது” என்றார். தன் அண்ணன் பூசைக்கு வந்தாலும் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிற ஆள் என்பது அத்தையின் தீராத குறை.

சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், அது வந்தேவிட்டது. மேற்கே செம்புழுதி கிளம்பி ஊரை மூடியது. கொஞ்ச நேரத்தில் சிறுமலையையே காணோம். பட்டப்பகலில் எதிர்வீடு தெரியவில்லை. அத்தை கதவு சன்னல்களை அடைத்து, மெழுகுதிரியை ஏற்றினார். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. அரிக்கேன் விளக்கையும் ஏற்றிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா, அத்தை, நான் மூவரும் முழந்தாளிட்டோம். செபமாலையில் பாதி தாண்டியிருக்காது, கதவைத் தட்டும் சத்தம்.

“ஏ புள்ள, கதவத் தெற.”

அப்பாவின் குரல். அம்மா எழுந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மதினி, போகாதீக. பொழுது சாயாம அண்ணன் என்னைக்குச் சந்தையிலருந்து வந்திருக்கு?”

நியாயமான கேள்வி. எனக்கு அழுகை முட்டியது. வெளியே இருப்பது அப்பா என்றால், திறக்காவிட்டால் அப்பா செத்துப்போவார். பேய் என்றால், திறந்ததும் நாங்கள் செத்துப்போவோம்.

அத்தை கதவருகே போனார். “அண்ணனா இருந்தா விசுவாச மந்திரத்தச் சொல்லு, பாப்போம்.”

“ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? மழையில நனையுறேன்.”

அத்தை மசியவில்லை. வேறு வழியின்றி, பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற அந்த மந்திரத்தை அப்பா ஆரம்பித்தார். அம்மா அத்தையைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். மந்திரம் பிலாத்து வரைக்கும் ஒழுங்காக வந்தது. தட்டுத் தடுமாறிப் பரலோகம் ஏறி, ஆண்டவர் உலக முடிவில் நடுத்தீர்க்க வருகிற இடத்தில் நின்றுபோனது.

“அதுக்கு மேல மறந்துபோச்சு” என்றது குரல்.

அத்தையின் கணக்கில், பேய்க்கு வேதமெல்லாம் தலைகீழ்ப் பாடம். அண்ணனுக்குத்தான் தெரியாது. “அண்ணன்தான் மதினி” என்று அத்தை சொல்லி வாயை மூடுவதற்குள் கதவு திறந்திருந்தது.

தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு கறுப்பாக ஓர் உருவம் நின்றது. நான் வீலென்று கத்தினேன். சாக்கை உதறியதும் அது அப்பாவானது. மழை மிரட்டியதால் சந்தை முன்னதாகவே கலைந்துவிட்டதாம். ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். ஈர வேட்டியில் வெங்காய வாடை. அப்படி ஒரு நிம்மதியை அதன் பிறகு நான் அதிகம் அனுபவித்ததில்லை. அம்மா முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, குடை கொண்டுபோகாததற்குத் திட்டினாள். அத்தை மெழுகுதிரியை அணைத்து, மிச்சத்தை அடுத்த இருட்டுக்காகப் பத்திரப்படுத்தினார்.

அத்தையின் சாமர்த்தியத்தால் பிழைத்தோம் என்று பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அம்மா அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்பா மட்டும் அன்று ஓர் எழுத்துப் பிசகாமல் மந்திரத்தைச் சொல்லி முடித்திருந்தால், வந்திருப்பது பேய்தான் என்று அத்தை தீர்மானித்திருப்பார். அப்போதும் அம்மா திறந்திருப்பாள். எட்டு வயதில் அது எனக்குத் தெரியவில்லை.